ஓய்ஸ்டர் அட்டையைத் தொட மறந்துவிட்டீர்களா? பிடித்த பணத்தைத் திரும்பப் பெறும் வழி

லண்டனில் ரயிலேறும்போது, முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துப் பயணிக்கும் ஓய்ஸ்டர் அட்டையைக் கருவியில் தொட மறப்பவர்கள் குறைவு, ஏனென்றால் பெரும்பாலான நிலையங்களில் தொடாமல் வாயில் திறக்காது. கோட்டை விடுவது இறங்கும்போதுதான். உதாரணத்துக்கு, ஈஸ்ட் ஹாமில் ஏறி, வெஸ்ட் ஹாமில் டிஎல்ஆர் என்ற இலகு ரயிலுக்கு மாறி, பாண்டூன் டாக்கில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாயிலே கிடையாது. மஞ்சள் வட்டம் பதித்த கருவி மட்டும் ஓரமாக நிற்கும். கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிப் போனால் தடுக்க ஆள் இருக்காது. பணம் மட்டும் போய்விடும்.

எவ்வளவு போகும், ஏன்?

ஓய்ஸ்டரில் நீங்கள் உள்ளே நுழையும்போதே அந்த நிலையத்துக்கான அதிகபட்சக் கட்டணத்தைக் கணினி எடுத்து வைத்துக்கொள்கிறது. இறங்கித் தொட்டதும் உண்மைக் கட்டணம் போக மீதியைத் திருப்பித் தருகிறது. தொடாவிட்டால் மீதி வராது, அவ்வளவுதான். இருப்பு குறைவாக இருந்தால் அட்டை மைனஸில் போய், அடுத்த முறை வாயிலில் சிவப்பு விளக்கு எரியும்.

வங்கி அட்டை அல்லது கைப்பேசியில் போகிறவர்களுக்குக் கணக்கு நாள் முடிவில் போடப்படும். அந்த 'நாள்' அதிகாலை 4.30 முதல் மறுநாள் 4.30 வரை. வங்கிக் கணக்கில் மொத்தத் தொகை மட்டுமே தெரியும், எந்தப் பயணத்தில் தவறு என்பது தெரியாது.

இதைவிடக் கசப்பான விஷயம் ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்ற தினசரி உச்சவரம்புக்குள் இந்த அதிகபட்சக் கட்டணம் வராது. வரம்பைத் தொட்ட பிறகும் தனியாகப் பிடிப்பார்கள்.

மறந்தது தெரிந்ததும் செய்ய வேண்டியவை

1. இன்னும் நிலையத்தை விட்டுப் போகவில்லை என்றால், திரும்பிப் போய்த் தொட்டுவிடுங்கள். பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். முடிந்தது கதை.

2. வெளியே போய் வெகு நேரமாகிவிட்டால், சரிசெய்வதாக நினைத்து எங்கேயும் தொடாதீர்கள். வாயில் இல்லாத நிலையத்தில் இருக்கும் கருவிக்கு நீங்கள் வருகிறீர்களா போகிறீர்களா என்று தெரியாது. முந்தைய பயணம் எந்த நிலையில் நிற்கிறது, எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை வைத்துத்தான் அது முடிவெடுக்கும். ஒரு பயணத்துக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு உண்டு. அதைத் தாண்டித் தொட்டால் அது புதிய பயணத்தின் தொடக்கமாகி, ஒன்றுக்கு இரண்டாக அதிகபட்சக் கட்டணம் விழும். வரம்புக்குள்ளேயே அதே நிலையத்தில் வீடு திரும்பும் ரயிலைப் பிடிப்பவருக்கு வேறு சிக்கல். அவர் ஏறுவதற்காகத் தொடுவதைக் கருவி 'இறங்கிவிட்டார்' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படி ஆகிவிட்டால் வீட்டுப் பக்கம் இறங்கித் தொடும்போது அது நுழைவே இல்லாத பயணமாகிவிடும். இதையும் சேர்த்தே பணம் கேளுங்கள்.

3. லண்டன் போக்குவரத்தை நடத்தும் டிஎஃப்எல் அமைப்பின் இணையதளத்தில் அல்லது செயலியில் கணக்குத் தொடங்கி, பயணித்த அட்டையைச் சேர்த்துவிடுங்கள். ஓய்ஸ்டர் என்றால் அட்டையில் அச்சிட்ட எண் கேட்பார்கள்.

4. 48 மணி நேரம் பொறுங்கள். வழக்கமாகப் போகும் பாதை என்றால், எங்கே இறங்கியிருப்பீர்கள் என்று கணினியே ஊகித்துப் பணத்தைத் திருப்பிவிடுவதும் உண்டு.

5. வரவில்லையா? பயண வரலாற்றில் முழுமையடையாத பயணம் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அதைத் திறந்து, இறங்கிய நிலையம், காரணம் இரண்டையும் கொடுங்கள். 8 வாரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். இணையம் ஒத்துவராதவர்கள் 0343 222 1234 என்ற எண்ணில் பேசலாம்.

6. வங்கி அட்டைக்குப் பணம் வங்கிக்கே திரும்பும். ஓய்ஸ்டருக்கு, அடுத்து பயணத்துக்காகத் தொடும்போது ஏறும்.

மறக்காமலேயே மாட்டிக்கொள்ளும் இடங்கள்

போகும்போது கைப்பேசியையும் இறங்கும்போது பர்ஸில் இருக்கும் அட்டையையும் தொட்டால், இரண்டும் ஒரே வங்கிக் கணக்கில் இருந்தாலும் கணினிக்கு அவை இரண்டு பேர். ஆளுக்கு ஒரு பாதிப் பயணம்! பர்ஸோடு சேர்த்துத் தொட்டாலும் இதே வம்பு வரலாம், கருவி எந்த அட்டையைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே அட்டையை வெளியே எடுத்துத் தொடுங்கள்.

வாயில் திறந்தே கிடந்தாலும் தொட வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டு, கனடா வாட்டர் போன்ற நிலையங்களில் இருக்கும் இளஞ்சிவப்புக் கருவி, நகரின் மையப் பகுதியான மண்டலம் 1 வழியாகப் போகவில்லை என்று காட்டுவதற்கு மட்டுமே. அங்கே தொட்டதால் பயணம் முடிந்துவிடாது.

பேருந்திலும் ட்ராமிலும் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும். விதிவிலக்கு விம்பிள்டன். அங்கே ட்ராம் ஏறுபவர்கள் வாயிலில் தொட்டது போதாது, ட்ராம் மேடையில் உள்ள கருவியிலும் தொட வேண்டும். இல்லாவிட்டால் ரயிலேறி இறங்கத் தொடாதவர் கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள்.

இதுவரை சொன்ன அதிகபட்சக் கட்டணம் அபராதம் அல்ல. ஏறும்போது தொடாமல் பரிசோதகரிடம் சிக்கினால் 100 பவுண்டு, 21 நாளுக்குள் கட்டினால் 50. அதற்கு மேல்முறையீடு செய்யும் வழி வேறு, மேலே சொன்ன ஆறு படிகள் அதற்குப் பொருந்தாது.