கேம்பல் குலத்தின் கேடயத்தைப் படிப்பது எப்படி? தொடக்கநிலை வாசகருக்கான செய்முறை விளக்கம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள ஆர்கைல் பகுதியில் கோலோச்சிய கேம்பல் குலத்தின் வரலாற்றைப் படிக்க முனைவோர், தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வரும் காலின், ஆர்ச்சிபால்டு என்னும் பெயர்களுக்குள் விரைவிலேயே வழிதவறிப் போகிறார்கள். குலத்தலைவரின் மரபுச்சின்னத்தில் வரையப்படும் கேடயத்தை முதலில் படித்துவிட்டு அதன்பின் ஆண்டுகளுக்குச் செல்வதே சிறந்த வழி. எந்த நிலம் எந்தத் திருமணத்தால் வந்தது என்பதை அந்தக் கேடயம் ஒரு சொத்துப் பத்திரத்தைப் போலப் பதிந்து வைத்திருக்கிறது.

படி 1: கேடயத்தை மட்டும் பாருங்கள்

குலத்தலைவரான ஆர்கைல் டியூக்கின் (டியூக் என்பது மிக உயர்ந்த பிரபுப் பட்டம்) மரபுச்சின்னப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள சிங்கங்களையும் மகுடத்தையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கேடயம் நான்கு கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கேடயத்தை ஏந்தி நிற்பவரின் பக்கத்திலிருந்தே வலம், இடம் கணக்கிடப்படும் என்பதால், நம் கண்ணுக்கு இடப்புறம் மேலே இருப்பதே முதற்கட்டம். முதலாவதிலும் நான்காவதிலும், நடுப்புள்ளியில் கூர்முனைகள் வந்து கூடும் எட்டு முக்கோணங்கள் பொன்னிறமும் கருப்புமாக மாறி மாறி அமைந்துள்ளன. இதுவே கேம்பல்களின் சொந்த அடையாளம். பொன்னை மஞ்சளாகவும் வெள்ளியை வெண்மையாகவும் வரைவது வழக்கம் என்பதால், படத்துக்குப் படம் நிறம் சற்று வேறுபட்டால் குழம்ப வேண்டியதில்லை.

படி 2: மரக்கலம் எப்படி வந்தது என்று தேடுங்கள்

மற்ற இரண்டு கட்டங்களில், வெள்ளித் தளத்தின்மீது ஒரு கருநிற மரக்கலம் நிற்கிறது. உற்றுப் பாருங்கள்: பாய் சுருட்டப்பட்டிருக்கிறது, சிவப்புக் கொடிகள் பறக்கின்றன, துடுப்புகள் இயங்கும் நிலையில் நீண்டிருக்கின்றன. இது லோர்ன் நிலப்பகுதியின் சின்னம்.

என் பார்வையில் இந்தக் குலத்தின் வரலாற்றுக்கே திறவுகோல் இந்தக் கட்டம்தான். 1290களில் கேம்பல்களின் தலைவர் காலின், லோர்னை ஆண்ட மக்டூகல் குலத்தாருடன் நடந்த மோதலில் கொல்லப்பட்டார். குலத்தலைவர் இன்றும் 'மக் கேலன் மோர்', அதாவது பெரிய காலினின் மகன், என்றே கேலிக் மொழியில் அழைக்கப்படுகிறார். பின்னாளில் லோர்ன் ஸ்டுவர்ட் குடும்பத்தின் கைக்கு மாறியது. 1457-இல் ஆர்கைலின் முதல் ஏர்ல் (டியூக்குக்குக் கீழான ஒரு பிரபுப் பட்டம்) ஆக்கப்பட்ட இன்னொரு காலின், லோர்ன் பிரபுவின் மகள் இசபெல்லா ஸ்டுவர்ட்டை மணந்தார். அந்த மண உறவும் ஒரு நிலப் பரிமாற்ற உடன்படிக்கையும் சேர்ந்து 1470-இல் லோர்னை அவருக்குத் தந்தன. மூதாதையைப் பலிகொண்டவர்களின் நிலம், போரில்லாமல் கேடயத்தின் பாதியை நிரப்பியது.

படி 3: கேடயத்துக்கு வெளியே வாருங்கள்

உச்சியில் இருப்பது காட்டுப்பன்றியின் பொன்னிறத் தலை. 'மறவாதே' என்னும் பொருளுடைய லத்தீன் வாசகம், ஸ்காட்லாந்து மரபுப்படி அதற்கு மேலே எழுதப்படுகிறது. கேடயத்தின் பின்னால் குறுக்காக வைத்திருக்கும் இரண்டு பொருள்களைப் பலர் கவனிப்பதே இல்லை. முட்செடிப் பூக்கள் பொறித்த சிவப்புக் கோல், ஸ்காட்லாந்தில் அரச இல்லத்தின் தலைமைப் பொறுப்பைக் குறிக்கிறது. வாள், தலைமை நீதிப் பதவியைக் குறிக்கிறது.

படி 4: கிளைக் குடும்பங்களோடு ஒப்பிடுங்கள்

எட்டு முக்கோணங்கள் எங்கெல்லாம் தொடர்கின்றன, எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். காடர் கிளையில் ஒரு கலைமான் தலை சேர்கிறது. காடர் நிலங்களின் ஒரே வாரிசான மியூரியல், குழந்தையாக இருந்தபோதே ஆர்கைல் ஏர்லின் ஆட்களால் கொண்டுசெல்லப்பட்டு, 1510-இல் அவருடைய மகன் ஜானுக்கு மணமுடிக்கப்பட்டாள். அழகான அந்த மான் தலைக்குப் பின்னால் ஒரு சிறுமி இருக்கிறாள் என்பதை அறிந்தே அதைப் பார்க்க வேண்டும். பிரெடல்பேன் கிளையில் ஸ்டுவர்ட்டுகளின் நீல வெள்ளிக் கட்டப் பட்டை காணப்படும். எதிர்த்தரப்பான மக்டூகல்களின் கேடயத்திலும் மரக்கலம் உண்டு. ஆனால் அதன் பாய்மர உச்சியில் தீப்பந்தம் எரியும்.

படி 5: இப்போது ஆண்டுகளைக் கோத்துக்கொள்ளுங்கள்

1513-இல் இரண்டாம் ஏர்ல், இங்கிலாந்துக்கு எதிரான ஃபிளாடன் போர்க்களத்தில் மாண்டார். 1661-இல் ஆர்கைல் மார்க்வெஸும் (ஏர்லுக்கும் டியூக்குக்கும் இடைப்பட்ட பட்டம்), 1685-இல் அவருடைய மகனான ஒன்பதாம் ஏர்லும் தலை வெட்டப்பட்டனர். 1701-இல் டியூக் பட்டம் வந்தது. இடையில் 1692 பிப்ரவரி 13 அன்று கிளென்கோ பள்ளத்தாக்கில் மக்டொனால்டு குலத்தார் கொல்லப்பட்டதை வெறும் குலப்பகையாகச் சுருக்கிவிடாதீர்கள். வீரர்களை நடத்திச் சென்றவர் கிளென்லயனின் ராபர்ட் கேம்பல் என்பது உண்மை. ஆனால் அவர்கள் அரசின் படைப்பிரிவினர். ஆணையும் அரசிடமிருந்தே வந்தது. விருந்தினராகத் தங்கியிருந்த வீடுகளிலேயே கொன்றார்கள் என்பதுதான் அந்தக் கொடுமையை மறக்க முடியாததாக்குகிறது.

படி 6: உரிமையைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்

ஸ்காட்லாந்துச் சட்டப்படி கேடயம் குலத்துக்கன்று, தனி ஒருவருக்கே உரியது. மரபுச்சின்னங்களைக் கவனிக்கும், எடின்பரோவிலுள்ள லார்ட் லயன் நீதிமன்றம், 1672-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொடங்கிய பதிவேட்டில் அவற்றைப் பதிந்து வருகிறது. கேம்பல் என்ற பெயர் இருப்பதாலேயே எவரும் டியூக்கின் கேடயத்தைத் தமதாக்கிக்கொள்ள முடியாது. குல உறுப்பினர் அணியக்கூடியது, வாசகம் எழுதிய வார்ப்பட்டையும் கொக்கியும் சூழ்ந்த பன்றித்தலைச் சின்னம் மட்டுமே. குலத்தலைவரோ வார்ப்பட்டைக்குப் பதிலாக வெறும் வளையத்தையும், அதன் பின்னால் மூன்று கழுகு இறகுகளையும் அணிவார்.