ஒக்டோபர் பிக்னிக்: கோடை நினைப்பில் போகாதீர்கள்

ரொறன்ரோவில் மேப்பிள் இலை சிவக்கத் தொடங்கியதும், "தாங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு எங்கேயாவது போவோமா?" என்று வட்ஸ்அப்பில் யாராவது கேட்பார்கள். கட்டாயம் போங்கள், வருடத்திலேயே அழகான நாட்கள் இவைதான். ஆனால் ஜூலையில் போட்ட அதே திட்டத்தோடு போனால், ஒரு மணி நேரத்திலேயே எல்லோரும் காருக்குள் ஏறி ஹீட்டரைப் போட்டுவிடுவார்கள்.

பின்னேரம் சந்திக்கலாம் என்று வைப்பதுதான் முதல் பிழை. ஜூலையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். ஒக்டோபர் நடுப்பகுதியில் 6.35 மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது, குளிர் அதற்கு முன்பே ஏறத் தொடங்கிவிடும். காலை 11 மணிக்கு வரச் சொல்லுங்கள். மர நிழலைத் தேடாமல், காற்று படாத வெயில் பக்கமாக இடம் பிடியுங்கள்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள அல்கொன்குவின் பூங்காவில் மேப்பிள் நிறம் செப்டம்பர் கடைசியிலேயே உச்சத்துக்கு வந்துவிடும். தாங்க்ஸ்கிவிங், அதாவது ஒக்டோபர் இரண்டாம் திங்கள் வரை காத்திருந்தால் பெரும்பாலும் வெறும் கிளைதான். ரொறன்ரோவுக்குள் நிறம் பிந்தித்தான் வரும், அதனால் பக்கத்துப் பூங்காவே போதும். கழிப்பறை திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்துக்காகச் சிலவற்றை மூடத் தொடங்கிவிடுவார்கள்.

நிலத்தில் ஒற்றைப் பாயை விரித்து உட்காருவதும் சரிவராது. வெயில் அடித்தாலும் புல் ஈரமாகத்தான் இருக்கும், குளிர் கீழிருந்து ஏறும். அடியில் தார்ப்பாய், அதன்மேல் தடித்த போர்வை, அப்புறம்தான் பாய். பெரியவர்களுக்கு மடக்குக் கதிரை கொண்டுபோங்கள்.

சாப்பாட்டில்தான் ஆட்கள் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். ஏழு கறியோடு சோறு கொண்டுபோனால் பரிமாறி முடிவதற்குள் எல்லாம் ஆறிவிடும். ஆறிய சோறு விறைத்துப்போகும், இடியப்பம் காய்ந்துபோகும். அதைவிட முக்கியம், சமைத்த சோற்றையும் இறைச்சியையும் 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. வெளியில் குளிர்கிறது என்பதால் இந்தக் கணக்கு மாறாது. காருக்குள் வெயில்பட்டு வெதுவெதுப்பாகக் கிடக்கும் சட்டியில் கிருமி நன்றாகவே பெருகும்.

சூடான ஒரு சாமான் போதும். வாய் அகன்ற பிளாஸ்க்கில் கொதிநீரை ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்து, அதைக் கொட்டிவிட்டுக் கொதிக்கக் கொதிக்கக் கோழிக் குழம்பை ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள றோஸ்ட் பாண். மட்டன் ரோல்ஸை அடுப்பிலிருந்து எடுத்ததும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடாதீர்கள், ஆவியில் தோல் நமத்துவிடும். கடதாசியில் சுற்றி, மூடி இறுக்காத பெட்டியில் வையுங்கள். தேத்தண்ணி மட்டும் தாராளமாக இருக்கட்டும்.

குளிர் வந்தால் பூச்சி இராது என்று நினைக்கவேண்டாம். உறைபனி விழும்வரை குளவிகள் இனிப்பைத் தேடி அலையும், திறந்த கொக்கக்கோலா கானுக்குள்ளேயே இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு மூடியுள்ள போத்தலில் கொடுங்கள். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி, வெப்பநிலை 4 பாகைக்கு மேல் இருந்தாலே நடமாடும். ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில் உள்ள ரூஜ் பள்ளத்தாக்கிலும் அது உண்டு. இலைக் குவியலில் பிள்ளைகள் குதிக்கட்டும், ஆனால் காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்காலின் பின்பக்கம், கமக்கட்டு, காதோரம், தலைமயிர் எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் சிறு இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் அதைப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். ஒரு நாளுக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு.