வெளிநாட்டு கேம் பழைய கன்சோலில் ஹேங் ஆகிறதா? எங்கிருந்து தேட ஆரம்பிப்பது

வேறு நாட்டில் வெளியான கேசட்டைப் பழைய கன்சோலில் செருகுகிறீர்கள். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. உடனே "ரீஜன் லாக்தான்" என்று முடிவுகட்டி கன்சோலைக் கழற்றிவிடாதீர்கள். வேறு நாட்டு கேமை ஏற்காதபடி கன்சோலில் போடப்பட்ட இந்த ரீஜன் லாக் பெரும்பாலும் கேமைத் தொடங்கவே விடாது. ஐந்து நிமிடம் ஓடிய பிறகு நிற்கும் கேம் என்றால் கேசட்டின் அடியில் கன்சோலைத் தொடும் உலோகப் பின்களில் ஏறிய அழுக்கு, போதாத மின்சாரம், கீறல் விழுந்த டிஸ்க் இவற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அதே இடம்தானா என்பதை முதலில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: உண்மையிலேயே ஹேங்தானா?

படம் நின்றதும் காதைத் தீட்டிக் கேளுங்கள். இசை ஓடிக்கொண்டே இருந்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் சத்தம் மாறினால் கேம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது; டிவிதான் சிக்னலைப் பிடிக்கவில்லை. டிவிக்குப் படம் அனுப்பும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பான், வட அமெரிக்கக் கன்சோல்கள் என்டிஎஸ்சி, 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பிய, ஆஸ்திரேலியக் கன்சோல்கள் பிஏஎல், 50 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் மட்டுமே ஏற்கும் பழைய டிவியில் 60 ஹெர்ட்ஸ் படம் மேலும் கீழும் உருளும். படம் நிலையாக இருந்தும் கருப்பு வெள்ளையாகத் தெரிந்தால், வண்ணத்தை அனுப்பும் முறை டிவிக்குப் புரியவில்லை என்று பொருள். கன்சோலும் டிவியும் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாக அனுப்பும் ஆர்ஜிபி கேபிளை ஏற்றால் இந்த வண்ணப் பிரச்சினை அதோடு தீரும்.

படி 2: உள்நாட்டு கேமை ஓட்டுங்கள்

கன்சோலின் சொந்த ரீஜனைச் சேர்ந்த கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அதுவும் நின்றால் வெளிநாட்டு கேம்மீது பழி இல்லை.

படி 3: பின்களைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள்; பாதியில் நிற்கும் கேசட்டுகளில் நிறைய இதிலேயே சரியாகிவிடும். 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சுக்குச்சியும் போதும். குச்சியை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, பின்கள் நீளும் திசையிலேயே மேலும் கீழுமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்த்தால் ஒரு பின்னின் அழுக்கு பக்கத்துப் பின்னில்தான் போய் ஒட்டும். முதல் குச்சி சாம்பல் நிறமாக வரும். குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள்.

அப்படியும் கறை போகவில்லை என்றால், நின்டெண்டோ, சேகா கேசட்டுகளில் இருக்கும் விசேஷ ஸ்க்ரூவைக் கழற்ற 3.8 மி.மீ. கேம்பிட் என்ற ஸ்க்ரூடிரைவர் முனை வேண்டும். கேசட்டின் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, மென்மையான வெள்ளை ரப்பரால் பின்களை லேசாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். பின்மேல் இருக்கும் தங்க முலாம் அவ்வளவு மெல்லியது, ஒருமுறை போனால் போனதுதான். வாயால் ஊதுவதையும் விட்டுவிடுங்கள், எச்சில் ஈரம் பின்னை அரிக்கும்.

ஒரு பின் அழுக்கானதற்கு ஏன் கேம் பாதியில் நிற்கிறது? ஒவ்வொரு முகவரிப் பின்னும் கேசட் நினைவகத்தில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டும். தொடர்பு சரியில்லாத பின் ஒரு கணம் தடுமாறினால், ப்ராசஸர் வேறு இடத்தைப் படித்து, அங்கே கிடைத்த தவறான எண்ணைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு வழிதவறிவிடும். திரையில் எழுத்துகள் சிதறி, பிறகு நின்றால் இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 4: மின்சாரம்

கன்சோலும் வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் அடாப்டர்மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. 220–240 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், நடுப்பின் பிளஸா மைனஸா என்று மூன்றையும் ஒப்பிடுங்கள். சூப்பர் ஃபாமிகாமுக்கு (சூப்பர் நின்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுப்பின் மைனஸ். சேகாவின் மெகா டிரைவ் கன்சோலின் முதல் மாடலுக்கு நடுப்பின் மைனஸ், இரண்டாம் மாடலுக்குப் பிளஸ். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இப்படி மாறுவதால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

கன்சோலுக்குள் வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் மூன்று கால் பாகமான 7805 ரெகுலேட்டர் 5 வோல்ட் தர, உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வந்தாக வேண்டும். ஆம்பியர் குறைந்த அடாப்டர் தலைப்புத் திரைவரை தாக்குப்பிடிக்கும், திரையில் எதிரிகள் குவியும்போது விழுந்துவிடும். மல்டிமீட்டர் பழக்கமுள்ளவர்கள் கேம் ஓடும்போதே ரெகுலேட்டரின் நடுக்காலுக்கும் வெளியீட்டுக் காலுக்கும் இடையே அளக்கலாம், 4.75 வோல்ட்டுக்குக் கீழே போகக் கூடாது.

படி 5: கன்வெர்ட்டரும் ரீஜன் சோதனையும்

சூப்பர் நின்டெண்டோவில் கேசட்டுக்குள் ஒரு பூட்டுச் சிப், கன்சோலுக்குள் அதன் ஜோடி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரை கருப்பாகவே இருக்கும். வெளிநாட்டு கேசட்டுக்கும் கன்சோலுக்கும் நடுவே பொருத்தி, உள்நாட்டு கேசட் ஒன்றையும் சேர்த்துச் செருகும் கன்வெர்ட்டர், அந்தக் கேசட்டின் சிப்பைக் காட்டித்தான் பூட்டைத் திறக்கிறது.

வாங்குவதற்குமுன் கன்வெர்ட்டரின் பின்களை எண்ணுங்கள். கன்சோல் ஸ்லாட்டில் 62 பின்கள் உண்டு. சாதாரண கேசட்டுகள் நடுவிலுள்ள 46 பின்களை மட்டும் பயன்படுத்துகின்றன. சூப்பர் எஃப்எக்ஸ் போன்ற கூடுதல் சிப் உள்ளவைக்கு இரு ஓரத்துப் பின்களும் தேவை. 46 பின் மட்டுமுள்ள கன்வெர்ட்டரில் அந்த கேம்களை எத்தனை முறை துடைத்தாலும் ஓடாது.

பூட்டு திறந்த பிறகும் சில கேம்கள் கன்சோல் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று தாங்களாகவே சோதிக்கும். பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வாசகத்தோடு நின்றுவிடும். மெகா டிரைவின் பிந்தைய கேம்களிலும் இது உண்டு. இதற்குத் தீர்வு, கன்சோலை 50 ஹெர்ட்ஸுக்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் மாற்ற உதவும் 50/60 ஸ்விட்ச். சூப்பர் நின்டெண்டோவில் அதற்காக மிக நுண்ணிய சிப் கால்களைத் தூக்க வேண்டும், அழுத்தினால் ஒடிந்துவிடும். சால்டரிங் பழகாதவர்கள் கைவைக்க வேண்டாம். நின்டெண்டோ 64-இல் ஜப்பான், அமெரிக்கக் கேசட்டுகளைப் பிரிப்பது பிளாஸ்டிக் தடுப்பு மட்டுமே. பிஏஎல் கேசட்டுக்குத்தான் பூட்டுச் சிப் வேறு.

படி 6: டிஸ்க் கன்சோல்கள்

எப்போதும் ஒரே காட்சியில் நின்றால் டிஸ்க், நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் லென்ஸ். டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஊசித் துளைபோல ஒளி தெரிந்தால், படம் அச்சிட்ட பக்கத்தில் பிரதிபலிக்கும் படலமே உரிந்திருக்கிறது. சிடியில் அந்தப் படலம் அச்சுக்கு அடியிலேயே இருப்பதால் பாலிஷ் போட்டுப் பயனில்லை.

முதல் பிளேஸ்டேஷனில் மாட்சிப் (ரீஜன் லாக்கை ஏமாற்ற உள்ளே சேர்க்கும் சிப்) போட்ட கன்சோல் என்றால் இன்னொன்றும் இருக்கிறது. பிந்தைய கேம்கள் சில, கன்சோல் மாற்றியமைக்கப்பட்டிருக்கலாம் என்ற செய்தியைக் காட்டி நின்றுவிடும். பழைய மாட்சிப் விடாமல் ரீஜன் சிக்னலை அனுப்பிக்கொண்டே இருப்பதைக் கேம் கண்டுபிடித்துவிடுகிறது. டிஸ்க் அசலாக இருந்தாலும் இது நடக்கும். தொடங்கியவுடன் மௌனமாகிவிடும் ஸ்டெல்த் வகைச் சிப்பை மாற்றிப் போட்டால் அதே டிஸ்க் ஓடும்.