வீட்டின் சைடிங்கை மாற்ற எவ்வளவு செலவாகும்? கணக்கிடும் முறையும் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவையும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான தனிவீடுகள் மரச்சட்டங்களால் கட்டப்பட்டவை. செங்கல்லையும் சிமெண்டுப் பூச்சையும் பார்த்து வளர்ந்த நமக்கு, வெளியே தெரியும் சைடிங்தான் சுவர் என்று தோன்றும். உண்மையில் அது சுவரின் மேல் போர்த்திய மழைக்கோட்டு மட்டுமே. அதன் பின்னால் நீரைத் தடுக்கும் ஹவுஸ் ராப், அதன் பின்னால் பிளைவுட் அல்லது (மரச்சீவல்களை ஒட்டி அழுத்திய) ஓ.எஸ்.பி. பலகை, அதற்கும் பின்னால் மரச்சட்டங்கள் என்று அடுக்கடுக்காக இருக்கும். சைடிங்கை மாற்ற நினைப்பவர்களில் பலர் சதுர அடிக்கு என்ன விலை என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். கூலி, பழையதைக் கழற்றி அகற்றுவது, ஜன்னல் ஓரங்களின் தகடு வேலை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழற்றிய பின்னரே கண்ணில் படும் மக்கிய பலகைகள் ஆகியவைதான் பில்லை ஏற்றுகின்றன. அந்தக் கடைசிச் செலவைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் கட்டுப்படுத்திவிட வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது.

முழு வீட்டுக்கும் மாற்றம் தேவைதானா என்பதை முதலில் பாருங்கள். காற்றில் இரண்டு மூன்று வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) பலகைகள் பிய்ந்திருந்தால், கொக்கி போன்ற ஒரு சிறு கருவியால் பலகைகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் பூட்டை விடுவித்து அவற்றை மட்டும் மாற்றலாம். பல சுவர்களில் பலகை வளைந்திருந்தாலோ, உட்புறச் சுவரில் ஈரக்கறை தெரிந்தாலோ, ஜன்னல்களுக்குக் கீழே அழுத்தும்போது மெத்தென்று இருந்தாலோ முழு வேலையைப் பற்றி யோசிக்கலாம்.

அளவெடுப்பது கடினமல்ல, விலைப்புள்ளி கேட்கும் முன் நீங்களே ஒரு முறை எடுத்துவிடுங்கள். 40 அடி நீளமும் 26 அடி அகலமும் 9 அடிச் சுவரும் கொண்ட ஒரு மாடியில்லாத வீட்டை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 132 அடி. அதை 9 ஆல் பெருக்கினால் 1,188 சதுர அடி. இரு பக்கமும் உள்ள முக்கோணச் சுவர்கள், 26 அடி அடியும் 6 அடி உயரமும் என்றால், ஒவ்வொன்றும் 78 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 156. மொத்தம் 1,344. இதில் 16க்கு 7 அடி கராஜ் கதவின் 112ஐக் கழித்தால் 1,232 சதுர அடி கிடைக்கும். சாதாரண ஜன்னல்களைக் கழிக்க வேண்டாம், ஏனெனில் அவற்றைச் சுற்றி வெட்டும்போது வீணாகும் துண்டுகள் அந்தப் பரப்பை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். சேதாரத்துக்கு 10 விழுக்காடு சேர்த்தால் ஏறத்தாழ 1,355 வரும். இந்தத் தொழிலில் 100 சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்பார்கள். ஆகவே உங்களுக்குத் தேவை 14 ஸ்கொயர். ஒருவர் 14 என்றும் இன்னொருவர் 19 என்றும் எழுதிக் கொடுத்தால், காரணத்தைக் கேட்க இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.

விலைக்கு ஓர் அளவுகோல் வேண்டுமானால், அமெரிக்காவில் ஆண்டுதோறும் வெளியாகும் ‘காஸ்ட் வெர்சஸ் வேல்யூ’ அறிக்கையைப் பார்க்கலாம். 2024ஆம் ஆண்டின் தேசிய சராசரியாக, 1,250 சதுர அடிச் சுவருக்கு வினைல் சைடிங் மாற்ற 17,410 டாலரும் சிமெண்டும் நார்களும் கலந்த ஃபைபர் சிமெண்ட் சைடிங் மாற்ற 20,619 டாலரும் ஆகும் என்று அது குறிப்பிட்டது. அதாவது சதுர அடிக்கு முறையே சுமார் 14 டாலர், 16.50 டாலர். வீட்டை விற்கும்போது வினைலில் செலவில் 80 விழுக்காடும் ஃபைபர் சிமெண்டில் 88 விழுக்காடும் திரும்பக் கிடைக்கும் என்பதும் அதே அறிக்கையின் மதிப்பீடு. இவை சராசரிகள்தான். இரண்டு மாடி, சாரம் கட்ட இடமில்லாத குறுகிய சந்து, நிறைய மூலைகள் ஆகிய ஒவ்வொன்றும் கூலியைக் கூட்டும்.

வினைலில் விலை வேறுபாடு பெரும்பாலும் தடிமனில் இருக்கிறது. 0.040 அங்குலப் பலகை மலிவு; 0.046 அங்குலம் அல்லது அதற்கு மேல் உள்ளது நேராக நிற்கும், காற்றையும் தாங்கும். தடிமனை எண்ணால் எழுதச் சொல்லுங்கள். ‘நல்ல தரம்’ என்ற சொல்லை ஏற்காதீர்கள். வினைல் சுமார் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இளகத் தொடங்குவதால், சுவரை ஒட்டி வைத்த பார்பிக்யூ அடுப்பும், பக்கத்து வீட்டின் லோ-ஈ (வெப்பத்தைத் திருப்பியனுப்பும் பூச்சுள்ள) கண்ணாடி ஜன்னல் பிரதிபலிக்கும் வெயிலும் அதை உருக்கிவிடக்கூடும். அப்படி நேரும் சேதத்தைப் பல உத்தரவாதங்கள் ஏற்பதில்லை. ஃபைபர் சிமெண்ட் தீப்பிடிக்காது, நெடுநாள் உழைக்கும். ஆனால் கனமானது, அறுக்கும்போது சிலிக்கா தூசி பறக்கும், அதனால் கூலி கூடும். மரச் சைடிங் அழகுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாயம் பூசும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுபவர்களுக்கு மட்டுமே அதைப் பரிந்துரைப்பேன்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பழைய பலகைகளைக் கழற்றிய முதல் நாள் பிற்பகல், வேலையாள் என்னை அழைத்துச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே அழுத்திப் பார்க்கச் சொன்னார். தேநீரில் தோய்த்த ரஸ்க்கைப் போல, கட்டைவிரல் ஓ.எஸ்.பி. பலகைக்குள் இறங்கியது. அதற்கு நேர் மேலே கராஜ் கூரையின் விளிம்பு சுவரில் வந்து முட்டுகிறது. அங்கே வழியும் நீரைச் சுவரிலிருந்து விலக்கிப் பீலிக்குள் தள்ளிவிடும் கிக்-அவுட் ஃப்ளாஷிங் என்ற உள்ளங்கை அளவுத் தகடு இல்லாததால், ஆண்டுக்கணக்கில் மழைநீர் சைடிங்குக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் ‘மக்கிய மரத்துக்குத் தனிக் கட்டணம்’ என்ற ஒரே வரி இருந்தது. கட்டணம் எவ்வளவு என்று இல்லை. சுவர் திறந்து கிடக்கிறது, வானம் மூடியிருக்கிறது, பேரம் பேசும் நிலையில் நாங்கள் இல்லை. ஏழு பலகைகளுக்கு ஒப்பந்தக்காரர் சொன்ன தொகையை அப்படியே கொடுத்தோம்.

ஆகவே கையெழுத்திடும் முன், 4க்கு 8 அடி பலகை ஒன்றை மாற்றப் பொருளும் கூலியும் சேர்த்து எவ்வளவு என்பதையும், மரச்சட்டம் மாற்ற ஓர் அடிக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். புகைப்படம் எடுத்து உங்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே எந்தப் பலகையையும் மாற்றலாம் என்ற நிபந்தனையையும் சேருங்கள். மொத்தத் தொகைக்கு மேல் 10 முதல் 15 விழுக்காடு வரை ஒதுக்கி வைப்பது நல்லது. பழைய சைடிங்கின் மேலேயே புதியதை அடித்தால் செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் மக்கிய பலகை மக்கியபடியே மூடப்படும் என்பதால் அதை நான் ஏற்பதில்லை. விலைப்புள்ளியில் ஹவுஸ் ராப், ஜன்னல் ஃப்ளாஷிங் (ஓரத் தகடு), சோஃபிட் (கூரை நீட்சியின் அடிப்புறத்தை மூடும் பலகை), குப்பைத் தொட்டி வாடகை, நகராட்சி அனுமதி ஆகியவை உள்ளனவா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 13 விழுக்காடு எச்.எஸ்.டி. விற்பனை வரி சேர்த்த தொகைதானா என்பதையும் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீடு என்றால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். அத்தகைய வேலைக்கு இ.பி.ஏ. (அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) சான்று பெற்ற நிறுவனத்தையே அமர்த்த வேண்டும். 1980க்கு முந்தைய சிமெண்டுத் தகடு சைடிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் அதை உடைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள், குழந்தைகள் விளையாடும் முற்றத்தில்தான் அந்தத் தூசி விழும்.

முன்பணத்தைக் குறைவாக வையுங்கள். கலிஃபோர்னியாவில் ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் முன்பணம் கேட்கச் சட்டம் இடம் தருவதில்லை. மற்ற மாநிலத்தவர்களும் அந்த மனநிலையோடு பேரம் பேசலாம். ஒன்டாரியோவில் ஒவ்வொரு தொகையிலும் 10 விழுக்காட்டை நிறுத்திவைக்கும்படி கட்டுமானச் சட்டமே சொல்கிறது. வீடு தேடி வந்த விற்பனையாளரிடம் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டிருந்தால், அமெரிக்காவில் பொதுவாக மூன்று வேலைநாட்களுக்குள்ளும் ஒன்டாரியோவில் 10 நாட்களுக்குள்ளும் ரத்துசெய்ய உரிமை உண்டு. கடைசித் தவணையைக் கொடுக்கும்போது, பொருள் விற்றவருக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் பாக்கி இல்லை என்ற உரிமைவிடுப்புக் கடிதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மீதே உரிமை கோரக்கூடும்.

வேலை நடக்கும்போது ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். அடித்து முடித்த வினைல் பலகையைக் கையால் இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். அது சற்று நகர வேண்டும். 12 அடிப் பலகை வெயிலில் அரை அங்குலம் வரை நீளும் என்பதால், ஆணித்தலைக்கும் பலகைக்கும் நடுவே 1/32 அங்குல இடைவெளி விட வேண்டும். இறுக்கி அடித்திருந்தால் முதல் கோடையிலேயே சுவர் அலையலையாக நெளியும். ஹவுஸ் ராப் சுற்றி முடித்ததும், சைடிங் மூடும் முன், ஒவ்வொரு ஜன்னலையும் கூரை சுவரில் முட்டும் ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வையுங்கள்.

அமெரிக்காவில் புதிய சைடிங் வீட்டின் அடக்கவிலையில் சேர்வதால், பிற்காலத்தில் விற்கும்போது வரிக் கணக்குக்கு அந்தப் பில் உதவும். பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மிஞ்சிய பலகைகளில் ஐந்தாறை வாங்கிக் கராஜில் படுக்கவைத்து, தயாரிப்பாளர் பெயரையும் நிறத்தின் எண்ணையும் ஒரு பலகையின் பின்புறத்தில் எழுதி விடுங்கள். பத்து ஆண்டு கழித்து ஒரு பலகை உடைந்தால், அந்த நிறம் கடையில் கிடைக்காமல் போயிருக்கலாம்.