சீனி வருத்தத்தோட ஊருக்குப் போறியளோ? காலமைச் சாப்பாடு கவனம்

சாமான் கட்டிறதைப் பற்றி எழுதப்போறதில்லை, அது உங்களுக்கே தெரியும். குளிசை இல்லாமல் சாப்பாட்டாலயே சீனியைக் கட்டுப்பாட்டில வைச்சிருக்கிற ஆக்கள் யாழ்ப்பாணம் போனால் எந்த இடத்தில வழுக்குவினம் எண்டு மட்டும் சொல்லுறன், ஏனெண்டால் நான் போன மாசம் வடிவா வழுக்கி விழுந்து வந்திருக்கிறன்.

மத்தியானச் சோறில்லை. காலமைதான்.

கொழும்பில இருந்து இரவு பஸ்ஸில போனால் முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டுட்டு கச்சான் வாங்கி வையுங்கோ, ரோல்ஸைத் தொடாதேங்கோ. அது மட்டும் சுகம். பிறகு சொந்தக்காரற்ற வீடு வரும்.

சின்னம்மா விடிய நாலு மணிக்கே எழும்பிட்டா. குசினிக்குள்ள இடியப்ப உரல் கிறீச்சிடுற சத்தத்திலதான் முழிச்சனான், சின்னனில கேட்ட அதே சத்தம், எழும்ப மனமில்லாமல் கேட்டுக்கொண்டு கிடந்தன். வெள்ளை மா இடியப்பம், பால்சொதி, இடிச்ச சம்பல், பக்கத்தில கப்பல் வாழைப்பழம். நாலோட கையை எடுத்தால், "என்ன, கனடாக்குப் போனதும் எங்கட கைச் சமையல் பிடிக்கேல்லையோ" எண்டு இன்னும் நாலு கோப்பையில விழுந்துது. அதுக்குப் பிறகும் நாலு. சீனி போட்ட பால் தேத்தண்ணி வேற.

"எனக்குச் சீனி இருக்கு" எண்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். சொல்லேல்ல. அம்மாவும் இதே வருத்தத்தோடதான் போனவ, கடைசி ஏழு வருசமும் அவவைப் பார்த்தது சின்னம்மா, நான் மாதாமாதம் காசு அனுப்பினனான், அவ்வளவுதான். அந்தக் கை போடுறதை வேணாமெண்டு எப்பிடிச் சொல்லுறது.

இப்பிடியே அஞ்சு நாள். ஆறாம் நாள் நாக்கு வறண்டு, இரவில நாலைஞ்சு தரம் எழும்பி பாத்ரூமுக்குப் போய், சரி குத்திப் பாப்பம் எண்டு பார்த்தால் என்ர மெசின் ரொறன்ரோவில மேசையில கிடக்குது. பக்கத்து வீட்டு அண்ணை தன்ரயைக் கொண்டுவந்தார். சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம், 288 காட்டிச்சுது. எனக்கு உயிரே போயிட்டுது. இலங்கையில கணக்கு மில்லிகிராமில, எங்கட மெசின் மில்லிமோலில, 18 ஆல பிரிக்கவேணும் எண்டு பிறகுதான் நினைவு வந்துது. பிரிச்சால் 16. அதுவும் நல்ல செய்தியில்லை, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலத்தில 10 ஐத் தாண்டக்கூடாது எண்டுதான் கனடாவில சொல்லுறவை.

சின்னம்மா மெசினைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "கொம்மாவுக்கும் இருந்ததுதானேடா, என்னட்ட ஏன் ஒளிச்சனி?"

அடுத்த நாள் கோப்பையில வந்தது அவிச்ச பயறு தேங்காய்ப்பூவோட, வல்லாரைச் சம்பல், முட்டை, கொஞ்சூண்டு குரக்கன் புட்டு. புட்டை அளந்தது அம்மாவின்ர எவர்சில்வர் கிண்ணத்தால. ஒரு கிண்ணம், விளிம்போட வழிச்சு, அதுக்கு மேல ஒரு துகளும் இல்லை.

அதாலதான் சொல்லுறன், டிக்கெட் போட்ட அண்டைக்கே போன் எடுத்துச் சொல்லிப்போடுங்கோ. வெட்கம் பார்க்காதேங்கோ, ஊரில வீட்டுக்கு ஒராளுக்கு இது இருக்கு, எங்களை விட அவைக்கு இதைப் பற்றிக் கூடத் தெரியும்.

எண்டாலும் ரெண்டொரு விசயத்தில அவையையும் நம்பாதேங்கோ. குரக்கன் எண்டால் எவ்வளவும் சாப்பிடலாமெண்டுவினம், 100 கிராம் குரக்கன் மாவில கிட்டத்தட்ட 70 கிராம் மாச்சத்து இருக்கு, நார்ச்சத்து இருக்கிறதால வெள்ளை மாவை விடப் பரவாயில்லை, அவ்வளவுதான். சிவப்பரிசி மாவும் அப்பிடித்தான். முதல்ல முட்டை, பயறு, கீரை, கடைசியா புட்டு எண்டு சாப்பிட்டால் சீனி ஏறுறது குறையும், எனக்கு மெசினில வடிவாத் தெரிஞ்சுது. தேத்தண்ணிக்குச் சீனி வேணாமெண்டால் பனங்கட்டி வரும், "இது பனையில இருந்து வாறது, ஒண்டும் செய்யாது" எண்டு. செய்யும்.

குளிசை, ஊசி எடுக்கிற ஆக்கள் நல்லூர்த் திருவிழா விரதமெண்டு டொக்டரைக் கேளாமல் காலமைச் சாப்பாட்டை விடாதேங்கோ, சில குளிசைக்குச் சீனி கீழ விழுந்திடும்.

வெளிக்கிடுற அண்டைக்குச் சின்னம்மா அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைச்சு, "கொண்டு போறியோ" எண்டு கேட்டா. பாக்கில இடமில்லை எண்டு சொல்லிப்போட்டன்.