பழைய கம்ப்யூட்டர்ல போட்டோ பார்க்க இர்ஃபான்வியூ: முதல்ல இருந்து சொல்றேன்

எங்க வீட்ல ஒரு டெஸ்க்டாப் இருக்கு, 2009ல வாங்கினது, 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. அப்பாவுக்கு அதுல ஒரே வேலைதான், பேத்தி போட்டோ பார்க்கறது. போன்ல இருந்து காப்பி பண்ணிக் கொடுத்தா ஒரு போட்டோ தொறந்து அடுத்ததுக்குப் போறதுக்குள்ள அவர் எழுந்து போய் காபி போட்டுக் குடிச்சிட்டே வந்துடுவார். மெஷினை மாத்திடலாம்ப்பான்னு நானே நாலு தடவை சொல்லியிருக்கேன். கடைசில மாத்தினது போட்டோ பார்க்கற சாஃப்ட்வேரை மட்டும்தான், இப்போ படபடன்னு ஓடுது. அதைத்தான் இங்க சொல்லப் போறேன், கம்ப்யூட்டர் பத்தி பெருசா தெரியாதவங்களுக்குன்னு நினைச்சே எழுதறேன், தெரிஞ்சவங்க பேட்ச் பகுதிக்கு நேரா போயிடுங்க.

முதல்ல ஏன் ஸ்லோ ஆகுதுன்னு ஒரு சின்ன கணக்கு. 12 மெகாபிக்சல் போட்டோ டிஸ்க்ல 4 எம்பிதான் இருக்கும், ஆனா ஸ்கிரீன்ல காட்டணும்னா சுருக்கி வச்சதை விரிக்கணும், ஒரு பிக்சலுக்கு (படத்துல ஒரு புள்ளி) 3 பைட், 12 மெகாபிக்சல்னா 4000க்கு 3000 புள்ளி, ஆக 4000 பெருக்கல் 3000 பெருக்கல் 3, கிட்டத்தட்ட 36 எம்பி ராம். இப்போ வர்ற போன்ல 108 மெகாபிக்சல் மோட்ல எடுத்தீங்கன்னா அதே கணக்குல 324 எம்பி, ஒரே ஒரு போட்டோவுக்கு! இதுக்கு மேல அந்த வியூவர் சாஃப்ட்வேரே ஃபோல்டர்ல இருக்கற எல்லா போட்டோவுக்கும் சின்னச் சின்ன படம் தயார் பண்ணி, ஆல்பம் கட்டி, இன்டர்நெட்ல வேற எதையோ தேடிட்டு இருந்தா பழைய மெஷின் என்னதான் பண்ணும், பாவம்.

இர்ஃபான்வியூ அந்த வேலை எதுவும் பண்ணாது. கேட்ட படத்தை காட்டும், அவ்ளோதான். போஸ்னியாவுல யாய்ட்சேங்கற ஊர்ல பொறந்து வியன்னாவுல படிச்ச இர்ஃபான் ஷ்கில்யான்ங்கறவர் 1996ல வெளியிட்டது, இன்னும் அவரேதான் அப்டேட் பண்ணிட்டு வர்றார். ஐகான் ஒரு செவப்பு பூனை, வண்டி ஏறி நசுங்கின மாதிரி கிடக்கும், பார்த்து பயந்துடாதீங்க. வீட்ல யூஸ் பண்ண ஃப்ரீ. ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோன்னு தொழிலுக்கு யூஸ் பண்ணா லைசென்ஸ் வாங்கணும்.

ஸ்டெப் 1: டவுன்லோடு

அவங்க சொந்த சைட் இர்ஃபான்வியூ டாட் காம், அங்கேயே போங்க. தேடும்போது வர்ற மத்த டவுன்லோடு சைட்ல பச்சை கலர்ல பெருசா ஒரு பட்டன் இருக்கும், பாதி நேரம் அது விளம்பரம், அமுக்கினா வேண்டாத டூல்பார் எல்லாம் சேர்ந்து வந்து உக்காந்துக்கும். விண்டோஸ் எக்ஸ்பி மெஷின்னா அதுல இருக்கற பழைய பிரவுசர்ல இப்போ பாதி சைட் தொறக்கவே தொறக்காது, அதனால போன்லயோ வேற கம்ப்யூட்டர்லயோ இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வாங்க. சில எம்பிதான் சைஸ்.

32 பிட், 64 பிட்னு ரெண்டு இருக்கும். பழைய மெஷினுக்கு 32 பிட்டே எடுங்க. பழைய ஸ்கேனர் வச்சிருக்கவங்களுக்கும் அதுதான் சரி, ஏன்னா அந்தக் காலத்து ட்வைன் டிரைவர் (ஸ்கேனரை கம்ப்யூட்டரோட பேச வைக்கற சாஃப்ட்வேர்) எல்லாம் 32 பிட், 64 பிட் சாஃப்ட்வேரால அதை கூப்பிட முடியாது. கூடவே பிளக்இன்ஸ்னு, கூடுதல் வசதிகளுக்காக, தனியா ஒரு ஃபைல் இருக்கும், அதையும் மறக்காம எடுங்க, அதுவும் 32 பிட்டாவே இருக்கணும். இது இல்லாம கீழ சொல்ற சில விஷயம் வேலை செய்யாது.

ஸ்டெப் 2: இன்ஸ்டால்

நெக்ஸ்ட் நெக்ஸ்ட்தான். நடுவுல எந்தெந்த ஃபைலை இதுல தொறக்கணும்னு கேட்கும், அங்க "இமேஜஸ் ஒன்லி"ங்கற பட்டனை அமுக்குங்க, இல்லன்னா பாட்டு வீடியோ எல்லாம் இதுலயே தொறக்க ஆரம்பிச்சுடும். அப்புறம் பிளக்இன்ஸ் ஃபைலை ரன் பண்ணுங்க, முடிஞ்சது.

ஸ்டெப் 3: பழைய மெஷினுக்கான செட்டிங்

இதை செய்யாம விட்டுட்டு ஸ்லோவா இருக்குன்னு சொல்லாதீங்க. வியூ மெனுவுல டிஸ்ப்ளே ஆப்ஷன்ஸ் போங்க, அங்க "ஃபிட் ஒன்லி பிக் இமேஜஸ் டு விண்டோ" வைங்க. பெரிய படம் விண்டோக்குள்ள அடங்கும், சின்ன படம் இழுத்து மங்கலாகாது. அதே இடத்துல ரீசாம்பிள்னு ரெண்டு மூணு வரி டிக் ஆகியிருக்கும், படத்தை சுருக்கிக் காட்டும்போது வழுவழுன்னு காட்டறதுக்கு, ஆனா அதுக்கு பிராசசர் நிறைய கணக்கு போடணும். டிக்கை எடுத்து விடுங்க, ஓரம் கொஞ்சம் பிசிரா தெரியும், ஸ்பீடு நல்லாவே வித்தியாசம் தெரியும்.

அடுத்து ஆப்ஷன்ஸ் மெனுவுல செட்டிங்ஸ். பிரவுசிங் பக்கத்துல அடுத்த படத்தை முன்கூட்டியே லோடு பண்ணி வைக்கற ஆப்ஷன் ஒண்ணு இருக்கும், ப்ரீலோடுன்னு போட்டிருக்கும். 2 ஜிபி ராம்னா ஆன் பண்ணுங்க, 512 எம்பின்னா ஆஃப் பண்ணிடுங்க. ஜேபிஜி பக்கத்துல "ஆட்டோ ரொட்டேட்"னு எக்ஸிஃப் (படத்துக்குள்ள கேமரா எழுதி வைக்கற குறிப்பு) பத்தி ஒரு வரி இருக்கும், அது கண்டிப்பா ஆன்ல இருக்கணும். போனை நிமிர்த்தி எடுத்தாலும் படுக்க வச்சு எடுத்தாலும் போன் பெரும்பாலும் படத்தை அப்படியே சேவ் பண்ணி, இதை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுன்னு ஒரு குறிப்பு மட்டும் உள்ள எழுதி வைக்கும். விண்டோஸ் 7ஓட வியூவர் அந்தக் குறிப்பை கண்டுக்காது, அதனாலதான் எங்கப்பா ரெண்டு வருஷமா கழுத்தை சாச்சே பேத்தியை பார்த்துட்டு இருந்தார்.

ஸ்டெப் 4: கீபோர்டு

இதோட உசுரே கீபோர்டுலதான் இருக்கு. ஸ்பேஸ் அடிச்சா அடுத்த படம், பேக்ஸ்பேஸ் அடிச்சா முந்தின படம், என்டர் அடிச்சா ஃபுல் ஸ்கிரீன். ஆர் வலப்பக்கம் திருப்பும், எல் இடப்பக்கம் திருப்பும். டீ அடிச்சா ஃபோல்டர்ல இருக்கறதெல்லாம் சின்னச் சின்னதா தெரியும் (டீக்கடை டீ, டிவிடிக்கு கடைசில வர்ற டி இல்ல). ஐ அடிச்சா படத்தோட ஜாதகமே வரும், எத்தனை பிக்சல், எத்தனை கேபி, ஃபைலோட தேதி எல்லாம்.

கல்யாண போட்டோ 600 இருக்கு, அதுல ஆல்பத்துக்கு 40 எடுக்கணும்னு வைங்க. ஸ்பேஸ் தட்டிட்டே போங்க, புடிச்சது வந்தா எஃப்8 அடிச்சு ஒரு ஃபோல்டரை காட்டுங்க, காப்பி ஆயிடும், அடுத்த தடவை அந்த ஃபோல்டர் ஞாபகத்துலயே இருக்கும். எஃப்7 காப்பி பண்ணாது, நகர்த்திடும், கவனம்.

ஆர் அடிச்சு திருப்பிட்டு சேவ் பண்ணா ஜேபெக் (ஜேபிஜின்னு சொல்றதும் இதுதான்) மறுபடியும் சுருக்கப்படும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா தரம் போகும். அதுக்கு பதிலா ஷிஃப்ட் ஜே அடிங்க, லாஸ்லெஸ்னு ஒரு பெட்டி வரும். ஜேபெக் படம் 8க்கு 8 பிக்சல் கட்டம் கட்டமாத்தான் சேமிக்கப்படுது, இது அந்தக் கட்டங்களை பிரிக்காம அப்படியே எடுத்து மாத்தி அடுக்குது, அதனால தரம் குறையாது. வச்சுக்கப் போற போட்டோன்னா எப்பவும் இதையே யூஸ் பண்ணுங்க.

ஸ்டெப் 5: அப்ளிகேஷனுக்கு போட்டோ

வங்கித் தேர்வு அப்ளிகேஷன்ல ஐபிபிஎஸ்காரங்க போட்டோ 200க்கு 230 பிக்சல், 20ல இருந்து 50 கேபிக்குள்ளன்னு கேட்பாங்க, கையெழுத்து 140க்கு 60, 10ல இருந்து 20 கேபி. இதுக்காக பிரவுசிங் சென்டர்ல காசு கொடுக்கறவங்க நிறைய பேர். வீட்லயே பண்ணலாம். ஷிஃப்ட் சி அடிச்சு 200க்கு 230ங்கற விகிதத்துல ஒரு கட்டம் போட்டு, முகத்து மேல கொண்டு வந்து வச்சு, கன்ட்ரோல் ஒய் அடிச்சா அந்தக் கட்டம் மட்டும் நறுக்கி நிக்கும். கன்ட்ரோல் ஆர் அடிச்சு 200, 230னு கொடுங்க. அப்புறம் எஸ் அடிச்சு ஜேபிஜியா சேவ் பண்ணும்போது பக்கத்துல ஒரு பெட்டி வரும், அதுல "செட் ஃபைல் சைஸ்"னு இருக்கும், 40னு போட்டா 40 கேபி பக்கத்துல கொண்டு வந்து நிறுத்திடும். எனக்கு இந்த ஒண்ணுக்காகவே இந்த சாஃப்ட்வேர் போதும்.

வெறும் எஸ் வேற, கன்ட்ரோல் எஸ் வேற. எஸ் அடிச்சா எங்க, என்ன பேர்லன்னு கேட்கும். கன்ட்ரோல் எஸ் ஒரிஜினல் மேலயே எழுதிடும்.

ஸ்டெப் 6: பேட்ச், மொத்தமா சின்னதாக்க

பி அடிங்க (பேட்ச்சுக்கு முதல்ல வர்ற பி). இடப்பக்கம் அவுட்புட் செட்டிங், வலப்பக்கம் ஃபைல் லிஸ்ட். ஃபோல்டரைத் தொறந்து "ஆட் ஆல்" கொடுங்க. "யூஸ் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" டிக் பண்ணி உள்ள போய் ரீசைஸ்ல நீளமான பக்கம் 1600 பிக்சல்னு வைங்க, "டோன்ட் என்லார்ஜ் ஸ்மாலர் இமேஜஸ்" டிக் பண்ணுங்க. 1600க்கு 1200ன்னா விரிச்சாலும் 6 எம்பி கூட வராது, மேல போட்ட 36ஐ நினைச்சுக்கோங்க. எங்கப்பா மெஷின்ல இருக்கறதெல்லாம் இப்படி சுருக்கினதுதான்.

அவுட்புட் ஃபோல்டர் மட்டும் புதுசா ஒண்ணு வைங்க. நான் அக்கா பொண்ணு காதுகுத்து போட்டோ 180ஐயும் அதே ஃபோல்டர்லயே ஓவர்ரைட் ஆன் பண்ணி 800 பிக்சலுக்கு ஓட்டிட்டேன், ஒரிஜினல் மொத்தமும் காலி, போன்ல இருந்தும் அதுக்கு முந்தின நாள்தான் அழிச்சிருந்தேன். அக்கா இன்னும் அந்தப் பேச்சை எடுத்தா என்னை ஒரு பார்வை பார்ப்பா. முதல்ல ரெண்டு மூணு படம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்க, சரியா வந்தா மொத்தமும் போடுங்க.

ஐபோன்ல எடுத்த படம் ஹெய்க்னு வேற ஃபார்மட்ல வந்து தொறக்கலன்னா ரொம்ப மல்லுக்கட்டாதீங்க, போன் செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் போய் "மோஸ்ட் கம்பேட்டிபிள்" வச்சுட்டா இனிமே எடுக்கறதெல்லாம் ஜேபெக்காவே வரும். பழைய மஞ்சள் அடிச்ச ஸ்கேன் போட்டோன்னா ஷிஃப்ட் யூ ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, கலரை அதுவே சரி பண்ணும், புடிக்கலன்னா கன்ட்ரோல் இசட்.

மூடறதுக்கு எஸ்கேப். அப்பா முதல் நாள் அதை அடிச்சுட்டு "டேய், எல்லாம் அழிஞ்சு போச்சுடா"ன்னு போன் பண்ணார். அழியல, சாஃப்ட்வேர் மூடிக்கிச்சு, அவ்ளோதான்.