ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடனை மாற்றும்போது புரோக்கரின் கமிஷனில் பங்கு பெறுவது எப்படி?

ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்ற புரோக்கரிடம் போனால், அவர் பெரும்பாலும் நம்மிடம் கட்டணம் கேட்பதில்லை. புதிய வங்கியே அவருக்கு இரண்டு வகையில் கமிஷன் தருகிறது. கடன் கைமாறியதும் ஒரு முறை தருவது முன்கமிஷன். அது கடன் தொகையில் ஏறக்குறைய 0.65 சதவீதம். கடன் இருக்கும்வரை தொடர்ந்து தருவது டிரெயில் கமிஷன். அது மீதமுள்ள கடனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 0.15 சதவீதம். இவற்றில் ஒரு பகுதியை வாடிக்கையாளருக்கே திருப்பித் தரும் புரோக்கர்களும் உண்டு. அப்படி ஒருவர் வழியாக எங்கள் கடனை மாற்றியபோது நான் பின்பற்றிய வரிசையை இங்கே எழுதுகிறேன். மாறும் வட்டி, ஆஃப்செட் கணக்கு (இதில் இருக்கும் பணத்தின் அளவுக்குக் கடனில் வட்டி போடப்படாது) போன்றவை உங்களுக்குத் தெரிந்தவை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இப்போதைய வங்கியை அழைத்து, புதிய வாடிக்கையாளர்களுக்கு விளம்பரப்படுத்தும் வட்டியை உங்களுக்கும் தரச் சொல்லுங்கள். மறுத்தால், கடனை முடித்து அடமானத்தை விடுவிக்கக் கோரும் டிஸ்சார்ஜ் படிவத்தை அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படிவத்தைக் கேட்ட பிறகு வட்டி இறங்குவது அடிக்கடி நடக்கிறது. அங்கேயே போதுமான அளவு குறைந்துவிட்டால் மேற்கொண்டு அலைய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, எந்தப் புரோக்கரிடமும் பேசுவதற்கு முன்பே உங்களுக்குப் பொருந்தும் ஐந்தாறு கடன்களை நீங்களே பட்டியலிடுங்கள். வாடிக்கையாளரின் நலனுக்கே முதலிடம் தர வேண்டும் என்ற சட்டக் கடமை 2021 ஜனவரி 1 முதல் புரோக்கர்களுக்கு இருக்கிறது என்றாலும், ஒவ்வொருவரும் தம் பட்டியலில் உள்ள வங்கிகளை மட்டுமே காட்ட முடியும். புரோக்கர் வழியாகக் கடனே தராத நிறுவனங்களும் இருக்கின்றன. விளம்பரங்களில் வரும் கம்பாரிசன் ரேட் (வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் காட்டும் விகிதம்) 1,50,000 டாலர் கடனை 25 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டது என்பதால், அதைவிடப் பெரிய கடனுக்கு அது சரியான அளவுகோல் ஆகாது. வங்கிகளின் இணையக் கணிப்பான்களைவிட, சொந்தமாகப் போட்டுக்கொள்ளும் கூகுள் ஷீட்டையே நான் நம்புகிறேன். எந்தச் செலவு விடுபட்டது என்பது அதில்தான் தெரியும்.

மூன்றாவது படிதான் பலரும் தடுமாறும் இடம். இதை நிதானமாகப் போட்டுப் பாருங்கள். கடன் 6,00,000 டாலர், ஆஃப்செட் கணக்கில் 1,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முன்கமிஷன் ஆஃப்செட் பணத்தைக் கழித்த தொகைக்கே கணக்கிடப்படுவதால், 0.65 சதவீதத்தில் அது 3,900 டாலர் அல்ல, 3,250 டாலர். டிரெயிலையும் பல வங்கிகள் இப்படியே கணக்கிடுவதால், ஆண்டுக்கு 750 டாலர் என்று கொள்ளலாம். அதில் பாதியைப் புரோக்கர் தந்தால் உங்களுக்கு 375 டாலர் கிடைக்கும். ஆனால் அவர் காட்டும் கடனின் வட்டி, உங்கள் பட்டியலில் உள்ள கடனைவிட 0.10 சதவீதம் கூடுதலாக இருந்தால், ஆண்டுக்கு 500 டாலர் அதிக வட்டி கட்டுவீர்கள். ஆகவே வட்டியை முதலில் தீர்மானித்து, அதே கடனை வாங்கித் தரக்கூடிய புரோக்கர்களிடையே மட்டும் திரும்பக் கிடைக்கும் தொகையை ஒப்பிடுங்கள். கமிஷனில் பங்கு என்ற பேச்சிலிருந்து தொடங்குகிறவர் கையில் வரும் காசை மட்டும் பார்த்து, கையை விட்டுப் போகும் வட்டியைக் கவனிக்காமல் விடுகிறார் என்பதே என் உறுதியான கருத்து.

புரோக்கரைத் தேர்ந்ததும், அவருடைய உரிம எண் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான ஆசிக்கின் (ASIC) பதிவேட்டில் இருக்கிறதா, அவர் நிதிப் புகார்களை விசாரிக்கும் ஆஃப்கா (AFCA) அமைப்பின் உறுப்பினரா என்று பாருங்கள். எந்தக் கமிஷனில் எத்தனை சதவீதம், ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, எந்த மாதத்தில், எந்தக் கணக்கில் வரும் என்பதை மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். அவர் தனிக் கட்டணம் ஏதும் வசூலிக்கிறாரா என்பதும் அதிலேயே இருக்கட்டும். கடன் இரண்டு ஆண்டுகளுக்குள் அடைபட்டால் முன்கமிஷனை முழுவதுமாகவோ பகுதியாகவோ வங்கி புரோக்கரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளும். இதைக் கிளாபேக் என்பார்கள். அந்த இழப்பை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதை இன்றைய விதிகள் தடுக்கின்றன. இருந்தாலும், வீட்டைச் சீக்கிரம் விற்க நேர்ந்தால் எனக்குத் தந்த பங்கு என்னவாகும் என்று கையெழுத்திடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் பெறுவது நல்லது.

கடன் அனுமதி வந்ததும் டிஸ்சார்ஜ் படிவத்தை அன்றே அனுப்புங்கள். தாமதம் பெரும்பாலும் பழைய வங்கியில்தான் நேரும். கடனில் பெயருள்ள அனைவரும் கையொப்பமிட வேண்டும். புதிய வங்கி பழைய கடனை அடைக்கும் செட்டில்மெண்ட் முடியும்வரை பழைய தவணையை நிறுத்தாதீர்கள். இன்னும் 22 ஆண்டுகள் மீதமுள்ள கடனைப் புதிதாக 30 ஆண்டுகளுக்கு எழுதினால் தவணை குறைந்து மொத்த வட்டி ஏறிவிடும் என்பதால், பழைய காலத்தையே கேளுங்கள், அல்லது பழைய தவணைத் தொகையையே தொடர்ந்து கட்டுங்கள்.

பிற்சேர்க்கை: நிலை வட்டிக் கடனுக்கும் இது பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நிலை வட்டிக் காலம் முடியுமுன் வெளியேறினால் பிரேக் காஸ்ட் என்ற இழப்பீட்டுக் கட்டணம் வரக்கூடும்; அந்தத் தொகையை வங்கியிடம் கேட்டு வாங்கிய பிறகே மற்றக் கணக்கைத் தொடங்குங்கள். கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், முன்பு கட்டிய எல்எம்ஐ (கடன் திரும்பாவிட்டால் வங்கியைக் காக்கும் காப்பீடு) புதிய வங்கிக்குக் கூடவே வராது. அதை மீண்டும் கட்ட நேர்ந்தால், புரோக்கர் தரும் பங்கு அதற்கு ஈடாகாது.